கரை பார்த்துத் தூண்டில் போடுவோம்: குமரிக் கடற்கரைக்கு ஒரு முழு வழிகாட்டி

முதன்முதலாகப் பன்னிரண்டு அடி ராடோடு நான் சொத்தவிளை கரையில் நின்ற மாலையில், கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். பழைய தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தங்கூஸ் என்ற நைலான் தூண்டில் நரம்பு, அதன் நுனியில் ஒரு சின்ன ஈயம், இரண்டு தூண்டில் முள். அவ்வளவுதான். நான் முடிந்த மட்டும் தூரமாக வீசிக்கொண்டிருந்தேன். அவர் இருபது மீட்டரைத் தாண்டவே இல்லை. பொழுது சாயும்போது அவர் பையில் ஒரு வீட்டுக் குழம்புக்கான கிழங்கான் கிடந்தது. என் பை காலி. எழுந்து போகும்போது சொன்னார்: "மக்ளே, மீனு காலடியில கிடக்கு. நீ அதுக்க தலைக்கு மேல எறிஞ்சா எப்படிக் கிட்டும்?"

அன்றிலிருந்து நான் முதலில் கரையைப் பார்க்கிறேன், பிறகுதான் பையைத் திறக்கிறேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகும்.

எந்தக் காலம், எந்தக் கரை

நம் மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி அரபிக் கடலைப் பார்த்தது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் அலையடி கடுமையாக இருக்கும். அந்த மாதங்களில் ராடைத் துடைத்து வைத்துவிடுங்கள். அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் வரைதான் புதியவர்களுக்கு ஏற்ற காலம்.

தடைக்காலம் பற்றிப் பலர் கேட்பார்கள். அது விசைப்படகுகளுக்கானது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு தடையும் நடக்கும் மாவட்டம் நம்முடையது: சின்னமுட்டம் முதல் கணக்கில் வரும், குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் இரண்டாவதில். கரையில் நின்று தூண்டில் போடுவதை இந்தத் தடை தொடாது.

பழகுவதற்குச் சொத்தவிளை, சங்குதுறை மாதிரி திறந்த மணல் கரை நல்லது. முள் சிக்கப் பாறை குறைவு, பின்னால் கை வீச இடமுண்டு. சுற்றுலாக் கூட்டம் சேரும் ஞாயிறு மாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொஞ்சம் கை பழகிய பிறகு பொழிமுகங்களுக்குப் போகலாம். பழையாறு சேரும் மணக்குடி, வள்ளியாறு சேரும் கடியப்பட்டணம், குழித்துறை ஆறு சேரும் தேங்காய்ப்பட்டணம் மூன்றும் பெயர் பெற்ற இடங்கள். மழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேரும் இடத்தில் நிறம் மாறி ஒரு கோடு தெரியும். கொடுவா, காலா, கெளுத்தி எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டி இரை தேடும். ஆனால் பொழி வெட்டிய மணல் விளிம்பில் நிற்காதீர்கள். அடியில் தண்ணீர் அரித்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது, ஆளோடு சரிந்துவிடும்.

முட்டத்துப் பாறைகள் ஆசை காட்டும். செப்பிலியும் கலவாவும் அங்கே உண்டு என்பதும் உண்மை. முதல் ஒரு வருஷம் அங்கே தனியாகப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பாசி பிடித்த பாறை, மேலே ஏறி வரும் அலை, திரும்ப ஒரே வழி. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த மீனும் அதற்கு ஈடாகாது.

கடலைப் பார்க்கும் கால் மணி நேரம்

கரைக்கு வந்ததும் மேடான மணலில் நின்று பதினைந்து நிமிஷம் சும்மா பாருங்கள். அலை முதலில் எங்கே உடைகிறது? அங்கே மணல் திட்டு இருக்கிறது. உடைந்த அலை அடங்கி, கொஞ்ச தூரம் நுரையில்லாமல் உருண்டு வந்து, கரையோரம் மறுபடி உடைகிறதா? அந்த அடங்கின இடத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. தண்ணீர் நிறமும் அங்கே சற்று இருண்டு இருக்கும். அலை கிளறிவிடும் புழுவும் பூச்சியும் அந்தப் பள்ளத்தில்தான் போய்ச் சேரும், கிழங்கானும் அதைத் தேடி அங்கே வரும். நம் மேற்குக் கரையில் பல இடங்களில் கரை செங்குத்தாக இறங்குவதால் இந்தப் பள்ளம் பதினைந்து, இருபது மீட்டரிலேயே கிடக்கும். பெரியவர் சொன்ன காலடி இதுதான்.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் தண்ணீர் கலங்கி, நுரை கடலை நோக்கிப் போகிறதா? அது இழுப்பு. கரையில் ஏறிய தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அதன் ஓரத்தில் இரை போட்டால் பாறை என்று பெயருள்ள மீன் கிடைக்கலாம். அதற்குள் கால் வைத்தால் ஆளையே கொண்டுபோகும். பொதுவாகவே முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.

அப்புறம் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம். ஒரு காய்ந்த குச்சியை அலைக்கு அப்பால் எறிந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வேகமாகப் பக்கவாட்டில் ஓடினால் 100 கிராம் ஈயமும் நிற்காது, பக்கத்து ஆளின் நரம்பில் போய்ச் சுற்றும். அன்றைக்கு வேறு கரை பார்ப்பதே மரியாதை.

கள்ளக்கடலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றும் இல்லை, மேகமும் இல்லை, கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய நீண்ட அலை இங்கே வந்து சேருவதுதான் காரணம். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படிப்பட்ட நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்ப்பது கட்டாயம். கரையிலும் ஒரு சோதனை செய்யலாம். ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையே விநாடியை எண்ணுங்கள். 15-க்கு மேல் போய், அலை ஒவ்வொன்றும் மணலில் வெகுதூரம் ஏறினால் பையைத் திறக்காமலே திரும்பிவிடுங்கள்.

ராடு, ரீல், நரம்பு

மணல் கரைக்கு 11 முதல் 13 அடி நீள ராடு போதும். அதன் மேல் எழுதியிருக்கும் எறியும் எடை 80 முதல் 150 கிராமுக்குள் இருக்கட்டும். நீளம் எதற்கு என்றால், தூரம் எறிய மட்டும் இல்லை. கரையோர அலை நரம்பில் அடிக்காதபடி உயர்த்திப் பிடிக்கத்தான் அது அதிகம் உதவும். ரீல் 5000 முதல் 8000 அளவு ஸ்பின்னிங் ரீல். உப்புத் தண்ணீருக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். ஆற்று மீனுக்கான சின்ன ரீல் இந்த மணலில் ஒரு பருவம் தாங்காது.

நரம்பில் தொடக்கத்துக்கு 0.35 மில்லிமீட்டர் தங்கூஸ் நல்லது. விலை குறைவு, சிக்கினால் பிரிக்கலாம், பாறையில் உரசினாலும் கொஞ்சம் தாங்கும். பின்னல் நரம்பான பிரெய்டு மெல்லியது, தூரம் போகும், சின்னக் கொத்தும் கைக்குத் தெரியும். ஆனால் விரலை அறுக்கும், சிக்கினால் பாதி நாள் போய்விடும். முதல் ஆறு மாசம் தங்கூஸே போதும் என்பேன். ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறைய நிரப்புங்கள். அதற்கு மேல் நிரப்பினால் எறியும்போது கொத்தாகக் கொட்டும்.

ஷாக் லீடர், அதாவது எறியும் வேகத்தைத் தாங்க நரம்பின் நுனியில் கட்டும் தடித்த நரம்பு, இல்லாமல் யாரும் எறியக் கூடாது. இதில் நான் சமரசம் செய்வதே இல்லை. 100 கிராம் ஈயத்தை வேகமாகச் சுழற்றும்போது மெல்லிய நரம்பு அறுந்தால், அந்த ஈயம் தோட்டா மாதிரி போகும். எனக்கு ஒரு முறை அப்படி அறுந்தது. ஈயம் பக்கவாட்டில் பறந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வள்ளத்தின் நிழலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே 0.60 மில்லிமீட்டர் லீடர் வாங்கினேன். ராடின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு ஸ்பூலில் நாலைந்து சுற்று. இதுதான் லீடரின் அளவு. 12 அடி ராடுக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வரும். ஈயம் கனமானால் லீடரும் கனமாக வேண்டும்.

ஈயத்தில் மூன்று வகை வைத்திருங்கள். மணலில் புதைந்து நிற்கக் கூம்பு ஈயம், நீவாடு இழுக்கும் நாளுக்குக் கம்பிக் கால் வைத்தது, அமைதியான நாளுக்கு உருண்டை. பாறைப் பக்கம் போகிறவர்கள் ஈயத்துக்குப் பதில் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டுவார்கள். சிக்கி அறுந்தாலும் காசு போகாது, கடலில் ஈயமும் தங்காது. தூரம் எறிய மட்டும் அது ஆகாது.

ராடை ஊன்ற ஐந்தடி பிவிசி குழாயின் ஒரு முனையைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் போதும். ராடை மணலில் கிடத்தினால் ரீலுக்குள் மணல் போகும்.

முள் கட்டும் விதம்

கிழங்கானுக்கும் கத்தாளைக்கும் நான் கட்டுவது இரண்டு முள் கட்டு. 0.50 மில்லிமீட்டர் நரம்பில் மூன்றடி வெட்டுங்கள். மேல் முனையில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சுவிவல், கீழ் முனையில் ஈயம் மாட்டக் கொக்கி. ஈயத்திலிருந்து ஓர் அடியிலும் இரண்டாவது அடியிலும் பக்கக் கிளை விடுங்கள். கிளை ஒரு சாணுக்குக் குறைவாக இருக்கட்டும், நீண்டால் தாய் நரம்பிலேயே சுற்றிக்கொள்ளும். கிழங்கானுக்கு வாய் சின்னது, 6-ஆம் நம்பர் முள் சரியாக இருக்கும். கத்தாளைக்கு அதைவிடப் பெரிய 2 அல்லது 1.

பாறை, காலா, திருக்கை மாதிரி பெரியதை எதிர்பார்த்தால் ஒற்றை முள் போதும். ஈயம் நரம்பில் தாராளமாக ஓடும்படி கோத்து, கீழே ஒரு பாசிமணி, சுவிவல், அப்புறம் இரண்டடி கனமான நரம்பு, இன்னும் பெரிய 2/0 அல்லது 3/0 முள். மீன் இரையை எடுத்து நகரும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. வளைந்த சர்க்கிள் முள் போட்டால் ராடை வெட்டி இழுக்க வேண்டாம், மீன் திரும்பும்போது வாயோரத்தில் தானே மாட்டும். திருப்பிக் கடலில் விட வேண்டிய மீனை விடுவதற்கும் அதுவே நல்லது.

எந்த முடிச்சையும் இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்தபடியே இறுக்கினால் உரசும் சூட்டில் நரம்பு பலம் இழக்கும்.

இரை

இரையைக் கடலே கரையில் வைத்திருக்கிறது. அலை பின்வாங்கும்போது ஈர மணலில் சின்னச் சின்ன ஆங்கில 'வி' வடிவக் கீறல்கள் தெரியும். அங்கே விரலை விட்டால் கட்டைவிரல் நகம் அளவுக்கு முட்டை வடிவத்தில் ஒரு பூச்சி கிடைக்கும். கிழங்கானுக்கு அதைவிட நல்ல இரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள், மீதியை ஈர மணலிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது இறால். தோலை உரித்து, முள்ளின் வளைவை மறைக்கும் அளவுக்கு ஒரு துண்டு. பெரிய துண்டு போட்டால் மீன் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும். சாளை, அதாவது மத்தி, எண்ணெய் மீன், வாசம் தூரம் போகும், கெளுத்திக்கும் கத்தாளைக்கும் ஏற்றது. ஆனால் சதை குழைந்து எறியும்போதே கழன்றுவிடும். முந்தைய நாள் ராத்திரி சாளையை வகுந்து கல்லுப்பு தூவி வைத்தால் காலையில் சதை இறுகியிருக்கும். மெல்லிய எலாஸ்டிக் நூலால் நாலு சுற்றுச் சுற்றினால் அலையிலும் நிற்கும். கணவாய்த் துண்டு பிய்யவே பிய்யாது, இரை தின்னும் நண்டு அதிகமான நாளில் அதுதான் கை கொடுக்கும். பாறைப் பக்கம் கல்லுச்சிப்பியின் சதை நல்லது. பாறை மீனுக்கு முழு நெத்தோலி, அதுவும் விடியலிலும் மயங்கும் பொழுதிலும்.

கடல் அட்டையையும் கடல் குதிரையையும் தொடவே கூடாது. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை.

இரை வாங்க நல்ல இடம் ஏலம் முடிந்த கரை. மீன் விற்கும் அக்காமாரிடம் "தூண்டிலுக்கு, ரெண்டு கை சின்ன றால் போதும்" என்று சொல்லுங்கள். சொன்ன காசைக் கொடுங்கள். இரைக்குப் பேரம் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. விடியுமுன் கடலுக்குப் போனவர் கொண்டுவந்தது அது.

எறிவது

நுனியிலிருந்து ஈயம் இரண்டு, மூன்றடி தொங்கட்டும். ரீலின் இழுவையை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, இறுக்குங்கள். பின்னால் திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். தலைக்கு மேலாக, கடலை நோக்கி நேராக எறியுங்கள். பக்கவாட்டில் சுழற்றும் வித்தையெல்லாம் பிறகு. வலது கை தள்ள, இடது கை அடிப்பாகத்தை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். இரண்டும் சமமாக வந்தால் தூரம் தானே வரும். ஈயம் விழுந்ததும் தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, இழுவையைத் தளர்த்துங்கள். மறந்தால் பெரிய மீன் வரும் நாளில் நரம்பு அறும்.

முதல் எறி பள்ளத்துக்கு, அதாவது பக்கத்தில். அங்கே இருபது நிமிஷம் ஒன்றும் கொத்தவில்லை என்றால் திட்டின் வெளிப்பக்கம். அங்கேயும் இல்லையென்றால் ஐம்பது அடி நகருங்கள். ஒரே இடத்தில் நாலு மணி நேரம் நிற்பதைவிட இது பலன் தரும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாலையில் இடி மின்னல் வரும். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடி கேட்டதுமே ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு ஏறிவிடுங்கள்.

மீன் மாட்டினால்

கடைசி பத்து மீட்டரில்தான் பெரும்பாலான மீன் தப்பிக்கும். அலை உள்ளே வரும்போது மீனையும் அதோடு கொண்டுவாருங்கள், பின்னால் நடந்தபடியே. அலை திரும்பும்போது இழுக்காதீர்கள், அது இழுத்தால் விட்டுக் கொடுங்கள். அடுத்த அலை அதை மணலில் கொண்டுவந்து போடும். நரம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கத்திலும் உள்ள முள்ளும், திருக்கையின் வால் முள்ளும் விஷமுள்ளவை. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வலி குறையும். அதோடு விடாமல் மருத்துவமனைக்கும் போங்கள். உருண்டையாக ஊதிக்கொள்ளும் பேத்தையை வெட்டவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், அதன் விஷம் சமைத்தாலும் போகாது. சின்ன மீனை ஈரக் கையால் பிடித்துத் தண்ணீரில் விடுங்கள்.

கரையில் பழகும் முறை

இந்தக் கரை ஒவ்வோர் ஊருக்கும் முற்றம். வலை காய்வதும், வள்ளம் ஏறுவதும், ஏலம் நடப்பதும், பிள்ளைகள் பந்து விளையாடுவதும் அங்கேதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் மணக்குடியும் குளச்சலும் கொட்டில்பாடும் இழந்தது கொஞ்சமில்லை. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்த மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் நாம் பொழுதுபோக்காக நிற்கிறோம். இது மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

போனதும் அங்கிருக்கும் பெரியவரிடம், "அண்ணே, இங்க தூண்டி போடலாமா?" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். கேட்டதற்காகவே, "அந்தக் கல்லுக்கு மேக்க போடு, இங்க கல்லு கிடக்கு, முள்ளு சிக்கும்" என்று வழியும் சொல்வார்கள். எந்தக் கடைக்காரரும் தராத தகவல் அது.

கரமடி, அதாவது கரையிலிருந்தே இழுக்கும் பெரிய வலை, இழுக்கும் இடத்தில் தூண்டிலைச் சுற்றி எடுத்துவிடுங்கள். வலை கரை சேரும் வரை எறியக் கூடாது. கூப்பிட்டால் கயிற்றில் கை வையுங்கள். நாம் அறுத்துக்கொண்டு விட்டுப்போன முள் கடலடியில் கிடந்து, கரமடியில் சிக்கி வரும். அந்த வலையை வெறுங்கையால் இழுக்கிறார்கள். ஒரு முறை ஓர் அண்ணனின் உள்ளங்கையில் ஏறிய முள்ளைப் பார்த்தேன். நான் பயன்படுத்தும் அதே அளவு. என்னுடையதா என்று தெரியாது. அன்றிலிருந்து பாறை தெரிந்த இடத்தில் எறிவதை விட்டுவிட்டேன்.

வள்ளம் வரும் வழியும் அப்படித்தான். வரும் வள்ளத்துக்கு அலையில் நிற்க நேரமில்லை, திருப்பவும் முடியாது. இயந்திரச் சத்தம் கேட்டதுமே சுற்றுங்கள். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், கரை காலியாக இருக்கும். அன்றைக்கும் வலை பரத்தியிருக்கும் இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். கோயில் திருவிழா நாளில் ஊர்க்கரையை விட்டு வேறு கரைக்குப் போய்விடுவது நல்லது.

தூண்டில்காரர்களுக்குள் என்றால், முதலில் வந்தவருக்குத்தான் இடம். குறைந்தது முப்பது தப்படி தள்ளி நில்லுங்கள், அதுவும் நீவாடு ஓடும் பக்கத்தைப் பார்த்து. "வல்லதும் கிட்டிச்சா?" (ஏதாவது கிடைத்ததா?) என்று கேட்பது வழக்கம்தான். பதில் ஒரு வார்த்தையில் வந்தால் மேலே கேட்காதீர்கள். ஒருவருக்கு மீன் விழுகிறது என்று பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வதைவிட மோசமான பழக்கம் இந்தக் கரையில் இல்லை.

நரம்பு சிக்கினால் யார் மேல் தப்பு என்று பேச வேண்டாம். ஒருவர் தளர்த்த, மற்றவர் சுற்ற, கரையில் வைத்துப் பிரிக்கலாம். வெட்ட வேண்டி வந்தால் முதலில் உங்கள் நரம்பை வெட்டுங்கள். பக்கத்தில் ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்களுடையதைச் சுற்றிவிட்டு, "கை தரணுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் அவர் நரம்பைத் தொடாதீர்கள். இரை தீர்ந்தவருக்கு உங்கள் சாளையில் இரண்டு கொடுங்கள். இரை தந்தவருக்கு மீன் கிடைக்கவில்லை என்றால், போகும்போது அவர் பையிலும் குழம்புக்கு இரண்டு போட்டுவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம்.

ராத்திரியில் தலை விளக்கைக் கடலுக்கு நேராகவோ அடுத்தவர் முகத்திலோ அடிக்காதீர்கள். சிவப்பு வெளிச்சம் போதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சிற்றாமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும். ஆமை கண்ணில் பட்டால் விளக்கை அணைத்து, அது திரும்பிப் போகும் வரை தூண்டிலை எடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

கிளம்பும்போது

அறுந்த நரம்பை ஒரு பாட்டிலில் அடைத்து எடுத்துவாருங்கள். மணலில் விட்டால் பறவையின் காலில் சுற்றும், ஆமையின் கழுத்தில் சுற்றும். முள் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். கொண்டுவந்தது பத்து, கடலில் போனது இரண்டு என்றால் பெட்டியில் எட்டு இருக்க வேண்டும். ஏழுதான் இருக்கிறது என்றால் டார்ச் அடித்து நின்ற இடத்தைத் தேடுங்கள். காலையில் அந்த மணலில் வெறுங்காலோடுதான் எல்லோரும் நடப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் இழுவையை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். நிழலில் காயவைத்து, இழுவையை முழுக்கத் தளர்த்தி, கைப்பிடி மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். ராடின் வளையங்களில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு இழுத்துப் பிடித்தால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, அடுத்த முறை நரம்பை அறுக்கும். மாற்றிவிட்டுப் போங்கள்.